சாண்டோரினி 2025: இருபத்தஞ்சாயிரம் ஆட்டம், வெடிப்பு மட்டும் இல்ல

"ஏனுங் மச்சா, இருபத்தஞ்சாயிரம் தடவ பூமி ஆடியும் எரிமல வெடிக்கலீன்னா, அப்ப அது எரிமல வேலையே இல்லீங்ளா?" திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில மெர்ச்சண்டைசரா இருக்கற எங்க மாமன் பையன் கேட்ட கேள்வி இது. அவனுக்கு கிரீஸ்ல ஒரு பையர் உண்டு, அதனால அந்த நாட்டு எரிமலைத் தீவான சாண்டோரினியில 2025 தொடக்கத்துல பூமி ஆடிட்டே இருந்த நியூஸ விடாம பாத்துட்டு இருந்தான். போன்ல ரெண்டு வரியில சொல்லி முடியற சமாச்சாரம் இல்ல, அதான் முழுசா எழுதறேன். நான் ஜியாலஜி பட்டம் வாங்கினவன் இல்லீங்க, திருச்செங்கோட்டு ரிக் வண்டி தொழில்காரன், கல்லுக்குள்ள ஓட்டை போட்டு போட்டு அந்த கல்லப் பத்தி படிக்க ஆரம்பிச்ச ஆளு, அவ்வளவுதான்.

நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணு. எத்தன தடவ ஆடுச்சுங்கற நம்பர வச்சு எரிமலையப் பத்தி ஒண்ணும் முடிவு பண்ண முடியாது. அந்த ஆட்டம் நாளுக்கு நாள் எந்தப் பக்கம் நகருது, எவ்வளவு ஆழத்துல இருக்கு, அதே நேரத்துல தரை ஏறுதா எறங்குதா, இது மூணும் தெரிஞ்சாத்தான் பேசவே ஆரம்பிக்கலாம். எரிமல கடலுக்குள்ள இருந்தா அந்த மூணும் தெரிய கடலடியில கருவி இருக்கணும். சாண்டோரினி கேஸ்ல அது இருந்துச்சு, அதுவும் கிட்டத்தட்ட அதிர்ஷ்டத்துல.

மொதல்ல எடம். பூமியோட மேல்பகுதி நகர்ற பெரிய பெரிய பாறைத் துண்டுகளா இருக்கு, அதத்தான் தட்டுங்கறோம். ஆப்பிரிக்க தட்டு வடக்க நகந்து வந்து, கிரீட் தீவுக்குத் தெக்க இருக்கற ஆழமான பள்ளத்துல ஏஜியன் பக்கத்து தட்டுக்கு அடியில சொருகிட்டுப் போகுது. கடலடியில கோடிக்கணக்கான வருஷம் கெடந்த தட்டுங்கறதால அதோட கனிமங்களுக்குள்ளயே தண்ணி ஏறியிருக்கு, கீழ போகப் போக அழுத்தமும் சூடும் ஏறி, சுமார் நூறு கிலோமீட்டர் ஆழத்துக்கெல்லாம் அந்த தண்ணி வெளிய கக்கப்பட்டு, அதுக்கு மேல இருக்கற மேன்டில், அதாவது பூமி ஓட்டுக்கு அடியில இருக்கற பாறை அடுக்குக்குள்ள ஏறி, அது உருகறதுக்கு வேண்டிய சூட்டையே கொறச்சு விட்டுடுது. தட்டு ஒரசற சூட்டுலதான் பாறை உருகுதுன்னு பல பேரு நெனச்சுட்டு இருக்காங்க, அப்படி இல்ல, தண்ணி சேர்றதாலதான் உருகுது. அப்படி உருகி மேல வந்த எரிமல வரிசைதான் மெத்தானா, மீலோஸ், சாண்டோரினி, நிசிரோஸ்னு வில்லு மாதிரி வளஞ்சு போகுது.

இதுல சிக்கல் என்னன்னா, அந்தப் பகுதியில பூமியோட மேல் ஓடு வேற இழுபட்டு விரிஞ்சுட்டு இருக்கு. சாண்டோரினிக்கும் அமோர்கோஸ் தீவுக்கும் நடுவுல தென்மேற்கு வடகிழக்கா பெரிய பெரிய பிளவுக் கோடு ஓடுது. 1956 ஜூலை 9-ம் தேதி அங்க 7.5-க்கு மேல ஒரு நிலநடுக்கம் வந்து, சுனாமியும் எழும்பி, 53 பேர் செத்தாங்க. அதே கோட்டுலதான் சாண்டோரினியில இருந்து ஒரு 7 கி.மீ. தள்ளி கொலும்போன்னு ஒரு எரிமல கடலுக்குள்ள முழுசா முங்கிக் கெடக்கு. 1650-ல அது வெடிச்சப்ப வந்த விஷவாயுல மட்டும் தீவுல எழுபது பேர் கிட்ட செத்துப் போனாங்க, ஆடு மாடெல்லாம் தனிக்கணக்கு. சாண்டோரினியோ, சுமார் 3,600 வருஷத்துக்கு முன்னாடி வெடிச்சு நடுவுல குழிஞ்சு போய், இன்னைக்கு டூரிஸ்ட்டு போட்டோ எடுக்கற அந்த செங்குத்துச் சுவர் மட்டும் மிச்சமா நிக்கற எடம். ஆக ஒரே கோட்டுல ரெண்டு எரிமலையும், பெரிய ஆட்டம் குடுத்த பிளவும் இருக்கு. அங்க பூமி ஆடுச்சுன்னா யாரு ஆட்டுறாங்கன்னு ஒடனே சொல்ல முடியாத எடம்னு இத வச்சுக்கோங்க.

இனி நடந்தது. 2024 ஜூலை வாக்குல இருந்தே சாண்டோரினி தரை சென்டிமீட்டர் கணக்குல மெதுவா ஏறிட்டு இருந்துச்சு. வெறுங்கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது, ஜிபிஎஸ்சும் சேட்டிலைட் ரேடாரும்தான் சொல்லும். 2025 ஜனவரி கடைசியில ஆட்டம் கூட ஆரம்பிச்சுது, பிப்ரவரி மொத வாரத்துல ஒரு நாளைக்கு நூத்துக்கணக்குல. ஆட்டமெல்லாம் அனிட்ரோஸ்ங்கற ஆள் இல்லாத குட்டித் தீவச் சுத்தி, அதாவது சாண்டோரினிக்கும் அமோர்கோஸுக்கும் நடுக்கடல்ல. ஸ்கூலெல்லாம் மூடினாங்க, பிப்ரவரி 6-ம் தேதி எமர்ஜென்சி அறிவிச்சாங்க, 11,000 பேருக்கு மேல கப்பல்லயும் பிளைட்லயும் தீவ விட்டுக் கெளம்பிட்டாங்க, அங்க நிரந்தரமா குடியிருக்கறதே பதினஞ்சாயிரம் சொச்சம் பேருதான். இருந்ததுலயே பெருசு பிப்ரவரி 10-ம் தேதி வந்தது, 5.3 அளவு. உயிர்ச்சேதம் எதுவும் இல்ல. மார்ச்சுக்குள்ள அடங்கிப் போச்சு.

அந்த பிப்ரவரி மொத வாரத்துல ஆளுக்கு ஒண்ணு சொன்னாங்க. கிரீஸ் நாட்டு அதிகாரிங்க தரப்புல, இது பிளவு சம்பந்தப்பட்ட ஆட்டம், எரிமலைக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லைன்னாங்க. இன்னொரு பக்கம் சில விஞ்ஞானிங்க, கொலும்போவுக்கு இவ்வளவு பக்கத்துல இப்படி கூட்டமா ஆடுனா மேக்மாவ, அதாவது அடியில உருகிக் கெடக்கற பாறைக் கொழம்ப, ஒதுக்கி வச்சுட்டுப் பேச முடியாதுன்னாங்க. நம்ம ஊரு வாட்ஸப் குரூப்ல இத வச்சு "விஞ்ஞானிக்கே தெரியல பாரு"ன்னு நக்கல் ஓடுச்சு. எனக்கு அந்த நக்கல்ல உடன்பாடு இல்ல. ரெண்டு தரப்பும் சொன்னதுக்கு நியாயம் இருந்துச்சு, கையில இருந்த டேட்டாவுக்கு ரெண்டுமே பொருந்துச்சு. ஆனா எது உண்மைங்கறத பொறுத்து பயப்பட வேண்டிய விஷயமே மாறுது. பிளவுன்னா 1956 மாதிரி ஒரே பெரிய ஆட்டம், சுனாமி, அந்த செங்குத்து சுவர் சரியறது. மேக்மான்னா கடலடி வெடிப்பு, விஷவாயு, சாம்பல். ஒண்ணுக்கு தப்பிக்க மேட்டுக்கு ஏறச் சொல்லணும், இன்னொண்ணுக்கு தீவையே விட்டுப் போகச் சொல்லணும்.

கூட்டமா ஆடறதுன்னா என்னன்னு இங்க சொல்லிடறேன். சாதாரணமா ஒரு பிளவு நழுவுச்சுன்னா, பெரிய ஆட்டம் ஒண்ணு வரும், அதுக்கப்புறம் சின்னச் சின்னதா பின்னதிர்வு, நாள் போகப் போக கொறஞ்சுட்டே போகும், கொறையற வேகத்துக்குக் கூட கணக்கு இருக்கு. கூட்ட ஆட்டத்துல அந்த தலைவன் கெடையாது. ஏறக்குறைய ஒரே அளவுல பல ஆட்டம், கூடுது, கொறையுது, மறுபடி கூடுது. ஒவ்வொரு ஆட்டமும் முந்தினத தொடர்ந்து வர்றதில்ல, எல்லாத்தையும் பின்னால இருந்து வேற ஏதோ ஒண்ணு தள்ளிட்டு இருக்குன்னு அர்த்தம். அந்த ஏதோ ஒண்ணு மேக்மாவா இருக்கலாம், அழுத்தத்துல இருக்கற சுடுதண்ணியா இருக்கலாம், சத்தமில்லாம மெதுவா நழுவற பிளவா கூட இருக்கலாம். ஜப்பான்ல மாட்சுஷிரோங்கற ஊர்ல 1965-ல ஆரம்பிச்சு ரெண்டு வருஷத்துக்கு மேல லட்சக்கணக்குல ஆடுச்சு, எரிமல எதுவும் வெடிக்கல, தரையில இருந்து தண்ணிதான் ஊத்தா கெளம்புச்சு.

சரி, சாண்டோரினியில தள்ளினது யாரு? பதில் அதே வருஷம் செப்டம்பர்ல நேச்சர் இதழ்ல வந்துச்சு. ஜெர்மனியில போட்ஸ்டாம்ல இருக்கற ஜிஎஃப்இஜட், கீல்ல இருக்கற ஜியோமார்ங்கற ரெண்டு ஆய்வு நிறுவனமும் கிரீஸ் ஆளுங்களும் சேந்து பண்ணின வேலை. கொலும்போ எரிமல வாய்க்குள்ளயே, ஆட்டத்த பதியற கடலடி சீஸ்மோமீட்டரும், தண்ணி அழுத்தத்த வச்சு கடலடி ஏறுதா எறங்குதான்னு சொல்ற அழுத்தமானியும் எறக்கி வச்சிருந்தாங்க, எப்பன்னு கேட்டா 2025 ஜனவரி ஆரம்பத்துல, ஆட்டம் தொடங்க ஒரு மாசம் கூட இல்லாதப்ப, வேற ஒரு திட்டத்துக்காக. அந்தப் பதிவையும் தரையில இருக்கற ஸ்டேஷன் பதிவையும் சேத்து, ஏஐ வச்சு, மனுசன் கண்ணுல தப்பிப் போற சின்ன ஆட்டத்தையெல்லாம் பொறுக்கி எடுத்துத்தான் 25,000-க்கு மேலங்கற கணக்கே வந்துச்சு. நம்பர விட முக்கியம் அது வரைஞ்ச படம். ஆட்டம் சாண்டோரினி பக்கத்துல ஆரம்பிச்சு வடகிழக்க பத்து கிலோமீட்டருக்கு மேல நகந்திருக்கு, சீரா இல்ல, உந்தி உந்தி, 18 கி.மீ. ஆழத்துல இருந்து கடலடிக்கு 3 கி.மீ. கீழ வரைக்கும் ஏறியிருக்கு. அதே நேரத்துல இத்தன மாசமா ஏறிட்டு இருந்த சாண்டோரினி தரை எறங்குச்சு, கொலும்போ கிட்ட கடலடி 30 செ.மீ. வரைக்கும் எறங்குச்சு. ஆழத்துல இருந்த சரக்கு கெளம்பி வேற எடத்துக்குப் போனா, கெளம்பின எடம் அமுங்கத்தானே செய்யும்.

போன சரக்கு எவ்வளவுன்னா 30 கோடி கன மீட்டர் மேக்மா. நம்ம கணக்குல சொன்னா சுமாரா பத்தரை டிஎம்சி, பவானிசாகர் முழுக் கொள்ளளவுல மூணுல ஒரு பங்கு. அது கடலடிக்கு ஒரு 4 கி.மீ. கீழ வந்து நின்னுபோச்சு. பின்னாடி சயன்ஸ் இதழ்ல இன்னொரு குழு, ஒவ்வொரு ஆட்டத்தையும் பாறைக்குள்ள இருக்கற அழுத்தத்த அளக்கற மீட்டரா எடுத்துக்கிட்டு கணக்குப் போட்டு, மேக்மா 10 கி.மீ.க்கும் கீழ படுக்கை வாட்டத்துல சுமார் 30 கி.மீ. நீளத்துக்கு ஓடியிருக்குன்னு சொன்னாங்க. ஆழத்துலயும் வடிவத்துலயும் ரெண்டு பேருக்கும் வித்தியாசம் இருக்கு, ஆனா தள்ளினது மேக்மாங்கறதுல வித்தியாசம் இல்ல.

இந்த மேக்மா ஓட்டம் எப்படின்னு எங்க தொழில்காரனுக்கு சொல்லிப் புரிய வைக்க வேண்டியதே இல்ல. ஒரு தோட்டத்துல 400 அடி தாண்டி ஓட்டிட்டு இருப்போம், கம்ப்ரஸர் காத்து திடீர்னு மேல வராம நின்னுடும், என்னடான்னு பாத்தா பக்கத்து தோட்டத்துக்காரர் ஓடி வருவார், "ஏங்க, எங்க போருல இருந்து புகையா கெளம்புதுங்க"ன்னு. காத்து கல்லத் தொளைச்சுட்டுப் போகல, ஏற்கனவே இருக்கற சந்தத் தேடி, அத பிரிச்சுக்கிட்டு, எந்தப் பக்கம் எதிர்ப்பு கம்மியோ அந்தப் பக்கம் போயிருக்கு, நேர் மேல வரணும்னு அதுக்கு எந்த கட்டாயமும் இல்ல. மேக்மாவும் அப்படித்தான், ஒரு ஆள் ரெண்டு ஆள் அகலத்துக்கு தட்டையான சுவராப் பாறையப் பிளந்துக்கிட்டுப் போகும், அந்த சுவரோட முனையிலயும் பக்கவாட்டுலயும் கல்லு ஒடையறதுதான் ஒவ்வொரு ஆட்டமும். இப்படி ஓடி உள்ளயே ஒறஞ்ச சுவருக்கு டைக்னு பேரு. தர்மபுரி கிருஷ்ணகிரி பக்கம் கருப்பு கிரானைட்டுன்னு வெட்டி ஏத்துமதி பண்றாங்களே, அதுல பாதிக்கு மேல பழைய டைக் கல்லுதான், 200 கோடி வருஷத்துக்கு மேல வயசானதெல்லாம் இருக்கு. அந்தக் காலத்துல அதுங்க ஓடினப்ப இங்கயும் இப்படித்தான் ஆடியிருக்கும், கேக்கத்தான் ஆள் இல்ல.

ஏன் வெடிக்கலங்கறதுக்கு வருவோம். மேக்மா மேல வர ரெண்டு விஷயம் வேணும், கீழ இருந்து தள்ளற அழுத்தமும், சுத்தியிருக்கற கல்ல விட லேசா இருக்கறதும். பக்கவாட்டுல பத்து இருபது கி.மீ. ஓடுனதுல, மேக்மா தேங்கியிருந்த தொட்டியில இருந்த அழுத்தம் எறங்கிடுச்சு, தரை அமுங்கினதே அதுக்கு சாட்சி. அழுத்தம் போனா சுவரோட முனை நின்னுடும், நின்னா ஆறும், ஆறினா கெட்டியாகும். ஒலகத்துல கெளம்பற மேக்மாவுல பெரும்பகுதி இப்படி உள்ளயே நிக்கறதுதான். இதே சாண்டோரினியில 2011-12-லயும் தரை 14 செ.மீ. வரைக்கும் ஏறி, சின்னதா ஆடி, அப்படியே அமைதியாச்சு. அதனால மாப்ள கேட்ட கேள்விக்கு பதில்: எரிமல வேலையேதான், வெடிக்காததும் எரிமல வேலையில ஒண்ணுதான்.

அப்ப வெடிக்கப் போற கூட்டம் எப்படி இருக்கும்? அதுக்கு பினாட்டுபோ 1991. பிலிப்பைன்ஸ், அதுவும் தட்டு சொருகற எடம். மார்ச் மாசம் மலைவாசி ஜனங்க ஆட்டத்த உணர்ந்தாங்க, ஏப்ரல் 2-ம் தேதி மலைச்சரிவுல நீராவி வெடிச்சுக் கெளம்புச்சு, அந்த நாட்டு எரிமல, நிலநடுக்க ஆய்வு நிறுவனமான ஃபிவோல்க்ஸ் ஆளுங்க அவசரமா கருவி வச்சாங்க, அப்புறம் அமெரிக்க ஜியாலஜிக்கல் சர்வே குழுவும் வந்து சேந்துச்சு. ஆரம்பத்துல ஆட்டம் பூராவும் உச்சிக்கு வடமேற்க 5 கி.மீ. தள்ளித்தான், அத மட்டும் வச்சு ஒண்ணும் சொல்ல முடியல. ஜூன் தொடக்கத்துல ஆட்டம் எடம் மாறி நேரா உச்சிக்கு அடியில, ஆழம் கம்மியா வந்துச்சு. மேக்மாவுல இருந்து கசியற கந்தக டை ஆக்ஸைடு வாயு மே 13-ம் தேதி நாளைக்கு 500 டன்னா இருந்தது மே கடைசியில 5,000 டன் ஆகி, அப்புறம் திடீர்னு எறங்குச்சு. எறங்குனத பாத்து நிம்மதியாகாம, மேல வர்ற வழி அடைச்சுக்கிச்சு, உள்ள அழுத்தம் ஏறுதுன்னு பயந்தாங்க பாருங்க, அதுதான் கெட்டிக்காரத்தனம். ஜூன் 7 வாக்குல உச்சியில எரிமலைக்குழம்பு மேடு மொளச்சுது, ஜூன் 10-ம் தேதி பக்கத்துல இருந்த அமெரிக்காவோட கிளார்க் விமானப்படை தளத்துல இருந்து 14,500 பேர வெளியேத்தினாங்க, ஜூன் 15-ம் தேதி மலை தலை போச்சு. 1,745 மீட்டர் இருந்த உச்சி 1,485-க்கு வந்துடுச்சு. அன்னைக்குன்னு பாத்து புயல் மழை வேற, ஈரச் சாம்பல் பாரம் தாங்காம கூரை விழுந்துதான் நெறய பேர் செத்தாங்க, ஆனாலும் கம்மியா பாத்தாலே 5,000 உயிர் தப்புச்சுன்னு அமெரிக்க சர்வே கணக்கு.

பினாட்டுபோ தரையில இருந்துச்சு, மேல வண்டி ஓட்டி கருவி வைக்கலாம், ஹெலிகாப்டர்ல சுத்தி வாயுவ அளக்கலாம். கொலும்போ வாய் தண்ணிக்கு 500 மீட்டர் அடியில. அங்க வாயு அளக்கற வழியும் கம்மி, கண்ணுல பாக்கறதும் கெடையாது. எமர்ஜென்சி அறிவிச்சதும் ஜனங்க சாண்டோரினிய விட்டுக் கெளம்பினதும் வீண் பயம்னு பின்னாடி பேசினவங்க இத யோசிக்கல. பிளவா மேக்மாவான்னு தெரியாத அந்த பிப்ரவரி மொத வாரத்துல எடுக்க வேண்டிய முடிவு அதுதான், அப்ப டூரிஸ்ட் சீசனும் இல்ல, நஷ்டமும் கொஞ்சம் கம்மி.

நடுவுல ஒண்ணு, ஏன்னா இத பேசினாலே ஊர்ல கேக்கறாங்க. கோயமுத்தூர்ல 1900 பிப்ரவரி 8-ம் தேதி அதிகாலையில வந்தது 6 அளவு கிட்ட, தென்னிந்தியா பூராவும் தெரிஞ்ச ஆட்டம். அது பாலக்காட்டுக் கணவாய ஒட்டின பழைய பிளவு நழுவுனது, எரிமலையும் இல்ல, கூட்ட ஆட்டமும் இல்ல. சொருகற தட்டு நமக்கு ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் கெழக்க இருக்கு. சென்னிமலையோ ஊதியூர் மலையோ வெடிக்கும்னு யாராவது வீடியோ அனுப்புனா டெலிட் பண்ணிடுங்க.

ஆனா அந்த கெழக்க இருக்கற தட்டு நம்ம நாட்டுச் சமாச்சாரம்தான். போர்ட் பிளேர்ல தமிழ் ஆளுங்க எத்தன பேர் இருக்காங்கன்னு தெரியும்ல. 2004 டிசம்பர் 26-ம் தேதி 9.1 ஆட்டத்துல சுமத்ராவுல இருந்து அந்தமான் வரைக்கும் 1,300 கி.மீ. நீளத்துக்கு தட்டு பிளந்துச்சு. சுனாமியப் பத்தி எல்லாருக்கும் தெரியும், அதுக்கு ஒரு மாசம் கழிச்சு நடந்தது வெளிய ரொம்ப பேசப்படல. 2005 ஜனவரி 27-ல இருந்து 30 வரைக்கும், நாலே நாள்ல, நிக்கோபாருக்கு கெழக்க அந்தமான் கடல்ல 5 அளவுக்கு மேல மட்டும் 150 ஆட்டத்துக்கும் அதிகம். சாண்டோரினியில 5-ஐ தாண்டினத விரல் விட்டு எண்ணிடலாம், இங்க நூத்தம்பது. அதுவரைக்கும் ஒலகத்துல பதிவான கூட்ட ஆட்டத்துலயே அதிக சக்தி வெளியானது இதுதான். எடம் சரியா எரிமல வரிசை மேல. மொதல்ல பக்கவாட்டு நழுவலா ஆரம்பிச்சு பின்னாடி பூமி விரியற ஜாதி ஆட்டமா மாறுச்சு, பெரிய ஆட்டத்துல தட்டு விட்டுக்குடுத்ததால மேல இருந்த பிடி தளந்து, மேக்மாவுக்கு வழி கெடச்சிருக்கும்னு பின்னாடி ஆய்வு எழுதினாங்க. ஆனா அந்த ஆய்வெல்லாம் பெரும்பாலும் தூரத்து ஸ்டேஷன் பதிவ வச்சு. கொலும்போ வாய்க்குள்ள இருந்த மாதிரி பக்கத்துல ஒரு காது இல்ல. அந்த வருஷம் மே 28-ம் தேதி அந்தமான் கடல்ல இருக்கற பேரன் (Barren) தீவு எரிமல கக்க ஆரம்பிச்சத இதோட முடிச்சுப் போட்டு எழுதறவங்க இருக்காங்க, ரெண்டு எடத்துக்கும் நடுவுல 400 கி.மீ.க்கு மேல தூரம், ஒரே டைக்குன்னு சொல்ல வாய்ப்பே இல்ல.

அந்த காது வந்தது 2013 கடைசியில. கோவாவுல இருக்கற தேசிய கடலியல் நிறுவனத்து ஆளுங்க நிக்கோபார் பக்கத்துல கடலடி சீஸ்மோமீட்டர் எறக்கி வச்சாங்க, 2014 மார்ச் 21, 22 தேதிகள்ல அதே பகுதியில மறுபடி கூட்டமா ஆடுச்சு, கருவி அத புடிச்சுது. கல்லு ஒடையற ஆட்டத்தோட, அதிர்வெண் கொறஞ்ச, இழுத்து அடங்கற பதிவும் சேந்து கெடச்சுது. கல்லு ஒடஞ்சா வெட்டுன்னு தொடங்கி முடியும், சந்துக்குள்ள திரவம் நகந்தாத்தான் இப்படி இழுக்கும். மேக்மா நகருதுன்னு 2020-ல பேப்பர் போட்டாங்க. 2005-ல வாதமா இருந்த விஷயம், காது வச்ச ஒடனே ஆதாரமா மாறுது பாருங்க. ஆனா அந்த கருவியெல்லாம் சில மாசம் கழிச்சு கப்பல்ல போய் எடுத்து, அப்புறம் படிக்கற ஜாதி. நேரலை கெடையாது.

ஹைதராபாத்ல இன்காய்ஸ் சுனாமி மையம் 2007 அக்டோபர்ல இருந்து நல்லாவே வேல செய்யுது, அதுல கொற சொல்ல ஒண்ணும் இல்ல. ஆனா அது கடலுக்கடியில 6.5-க்கு மேல வர்ற ஆட்டத்த வச்சு மணி அடிக்கற ஏற்பாடு. 2005 மாதிரி 5, 5.5-ன்னு நூத்தம்பது வந்தா ஒவ்வொண்ணும் அந்த கோட்டுக்கு கீழ. இதே சொருகற கோட்டுல இந்தோனேசியா பக்கம், 2018 டிசம்பர் 22-ம் தேதி ராத்திரி அனாக் கிரக்கத்தோவா எரிமலையோட ஒரு பக்கம் சரிஞ்சு கடல்ல விழுந்துச்சு, பெரிய நிலநடுக்கம் எதுவும் இல்ல, எச்சரிக்கையும் வரல, சுனாமி வந்து 400 பேருக்கு மேல செத்தாங்க. நிக்கோபாருக்கு கெழக்க கடலடியில வாயோட இருக்கற எரிமலைக் கூம்பையெல்லாம் கப்பல்ல சர்வே பண்ணி படமும் போட்டாச்சு. கேபிள் இழுத்து, கரைக்கு அப்பப்ப டேட்டா அனுப்பற கடலடி அழுத்தமானியும் சீஸ்மோமீட்டரும் அங்க நாலஞ்சு வச்சா, அடுத்த கூட்டம் ஆடறப்ப தரை ஏறுதா எறங்குதான்னு அன்னைக்கே தெரிஞ்சுக்கலாம், ஆறு மாசம் கழிச்சு ஜர்னல்ல படிக்க வேண்டியதில்ல.